திடலிலும் திரையிலும் அரசியல்: சுங்கை சிப்புட் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் பிள்ளைகளுக்குக் காற்பந்து, கபடி, சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறோம். பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். பிள்ளைகள் கேட்டவையும் உண்டு; அவை பெரும்பாலும் கைத்தொலைபேசி விளையாட்டுகளைப் பற்றியவை. இரண்டையும் பிரிக்காமல் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறோம். இடம் யாருடையது, பணம் யாருடையது, முடிவெடுப்பது யார் என்ற கேள்விகள் திடலுக்கும் திரைக்கும் பொதுவானவை.

பிள்ளைகள் விளையாடத்தானே வருகிறார்கள்? அங்கே எதற்கு அரசியல்?

அது எங்களுக்கு முன்பே அங்கே இருந்தது. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான்தான் மலாயாக் காற்பந்துச் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார். 1958 முதல் 1977 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவரும் அவர்தான். விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே மெர்டேக்கா காற்பந்துப் போட்டி தொடங்கியது. புதிய நாட்டை உலகத்துக்குக் காட்ட அவர் பந்தைப் பயன்படுத்தினார். அதில் தவறொன்றும் இல்லை. அவருக்குப் பிறகு மாநிலக் காற்பந்துச் சங்கங்களில் மந்திரி பெசார்களும் அரச குடும்பத்தினரும் தலைவர்களாக உட்காருவது வழக்கமாகிப் போனது. ஆட்டக்காரருக்குச் சம்பள பாக்கி வந்தால் அது மாநில அரசியலாக வெடிப்பதற்கு இதுதான் காரணம்.

"விளையாட்டில் அரசியல் வேண்டாம்" என்று நல்ல மனத்தோடு சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் திடலைப் பூட்டும் அதிகாரமும் பணத்தை ஒதுக்கும் அதிகாரமும் ஒருவர் கையில் இருக்கையில் நாம் மட்டும் பேசாமல் இருந்தால் பூட்டு அப்படியேதான் இருக்கும்.

தோட்டத்துக் காலத்தில் இதெல்லாம் இல்லையே? வேலை முடிந்து பந்தாடினோம், அவ்வளவுதானே?

பெரியவர்கள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். அந்தத் திடல்களின் மகிழ்ச்சி பொய்யில்லை. பால்மரம் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பொழுது சாயும்வரை வெறுங்காலோடு ஆடினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் குழு இருந்தது. திருவிழாவுக்குத் திருவிழா கிண்ணம் இருந்தது. ஆனால் துரைமார் கிளப்பின் டென்னிஸ் திடலுக்குள் வெட்டுமரத்துக்காரர் கால் வைக்க முடிந்ததா? தோட்டத்துத் திடலிலேகூட எந்த நாளில் யார் ஆடலாம் என்பது நிர்வாகத்தின் விருப்பம்.

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, பிள்ளைகளின் கல்வி இருந்தது. இன்னொன்றும் இருந்தது: துரையோ தோட்டத்து எழுத்தரான கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதற்குப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் இறந்தார்கள். உடம்பு எப்போது நிமிரலாம், எப்போது ஓடலாம் என்பதையே வேறொருவர் தீர்மானித்த காலம் அது. அந்தக் காலத்துத் திடலை அரசியல் இல்லாத இடமாக எங்களால் நினைக்க முடியவில்லை.

நம் ஊரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1948 ஜூன் 16இல் இங்கே தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துன் வீ. தி. சம்பந்தன், ச. சாமிவேலு என்று மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர்கள் இருவர் இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்திருக்கிறார்கள்.

புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கம் ஒரு தோட்டமா?

ஆமாம். இன்றைய பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. புக்கிட் ஜாலில் ஒரு ரப்பர் தோட்டம். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த இடம். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக அந்த மண்ணில்தான் தேசிய விளையாட்டு வளாகம் எழும்பியது. அந்த விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடையோட்டத்தில் ஜி. சரவணன் தங்கம் வென்றார். மலேசியக் கொடி ஏறியது, நாம் எல்லாரும் கைதட்டினோம். அந்த வளாகத்துக்கு அக்கம்பக்கத்திலேயே, தோட்டத்து லயங்களில் மிச்சமிருந்த குடும்பங்கள், தாங்கள் வாழ்ந்த இடத்திலேயே வீடு கட்டிக்கொள்ளக் கொஞ்சம் நிலம் கேட்டு 2010களிலும் போராடிக்கொண்டிருந்தன.

சரவணனின் தங்கத்தை இது குறைப்பதில்லை. எங்களுக்கு அவர்மீது அளவில்லாத மரியாதை. அரங்கத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது இரண்டு கதையையும் சேர்த்தே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு நாம் தகுதி பெற்றும் ஏன் போகவில்லை?

1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதைக் கண்டித்து அமெரிக்கா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியா உள்ளிட்ட அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் போகவில்லை. ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன்புதான் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று நம் காற்பந்துக் குழு தகுதி பெற்றிருந்தது. வெற்றி கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். கோல்கம்பத்தில் நின்றவர் 'ஸ்பைடர்மேன்' என்று பெயரெடுத்த ஆர். ஆறுமுகம். சோ சின் ஆன், சந்தோக் சிங், மொக்தார் டஹாரி என்று அந்தத் தலைமுறையின் பெயர்களை இன்றும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒலிம்பிக் காற்பந்துக்கு மலேசியா தகுதி பெறவில்லை.

புறக்கணித்தது சரியா தவறா? ஒரு நாட்டின்மீது படையெடுப்பதைக் கண்டிப்பது சரிதான். ஆனால் சோவியத் படை 1989இல்தான் வெளியேறியது. புறக்கணிப்பால் ஒரு நாள்கூட முன்னதாகப் போகவில்லை. விலை கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்துபோனார். அவருக்கு இன்னொரு ஒலிம்பிக் வாய்க்கவே இல்லை. முடிவெடுப்பவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர் என்று இருக்கும்போது, இழப்பவரையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இஸ்ரேல் விவகாரத்திலும் அதே பதில்தானா?

ஏறக்குறைய. 2019இல் உடற்குறையுள்ளோருக்கான உலக நீச்சல் போட்டி கூச்சிங்கில் நடக்க வேண்டியது. இஸ்ரேலிய நீச்சல்காரர்களுக்கு விசா தர முடியாது என்று அரசாங்கம் சொன்னது. அனைத்துலகப் பாராலிம்பிக் மன்றம் போட்டியைப் பறித்து லண்டனுக்குக் கொடுத்தது. பாலஸ்தீனத்து மக்களுக்கு நடப்பதைப் பார்த்துக் கொதிப்பவர்களில் நாங்களும் சேர்த்தி. அந்தக் கொதிப்பை நாட்டுக் கொள்கையாக வைத்திருப்பதையும் மதிக்கிறோம். ஆனால் சொந்த மண்ணில், சொந்தக்காரர் முன்னால் நீந்தக் காத்திருந்த நம் உடற்குறையுள்ள வீரர்களுக்கு அந்த வாய்ப்பு திரும்பி வரவில்லை. அவர்களுக்கு ஈடாக என்ன செய்தோம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொள்கைக்காக ஒருவரைத் தியாகம் செய்யச் சொன்னால், அவருக்கு அடுத்த வாய்ப்பை உண்டாக்கித் தரும் கடமையும் கூடவே வருகிறது.

ரஷ்யாவை உடனே தடை செய்தார்களே, மற்றவர்களை ஏன் செய்யவில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2022 பிப்ரவரி 24இல் உக்ரேன் போர் தொடங்கியது, 28ஆம் தேதியே ஃபிஃபா ரஷ்யாவைத் தடை செய்தது. அடுத்த சில நாளில் இஏ நிறுவனம் தன் காற்பந்து வீடியோ விளையாட்டிலிருந்தும் ரஷ்யக் குழுக்களை நீக்கியது. வேண்டும் என்று நினைத்தால் நான்கு நாளில் முடிகிறது. எல்லாப் போருக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கைத்தொலைபேசி விளையாட்டில் என்ன அரசியல் இருக்கிறது?

திடலைவிட அங்கே அதிகம் என்றே சொல்லலாம். அங்கே வேலி கண்ணுக்குத் தெரியாது.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். 2017 செப்டம்பரில் 'ஃபைட் ஆஃப் காட்ஸ்' என்ற விளையாட்டு வந்தது. இயேசு, புத்தர் போன்றவர்கள் ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொள்ளும் சண்டை விளையாட்டு. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் அதை எடுக்கச் சொன்னது. அது விற்கப்பட்ட ஸ்டீம் தளம் முழுவதுமே நம் நாட்டில் முடக்கப்பட்டது. அந்த ஒரு விளையாட்டோடு சம்பந்தமே இல்லாதவர்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த விளையாட்டுகளும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. மலேசியாவில் அந்த விளையாட்டின் விற்பனையை நிறுத்திய பிறகு தளம் திறந்துவிடப்பட்டது. பல மதத்தவர் வாழும் நாட்டில் தெய்வங்களை வைத்து அடிதடி விளையாட்டு வேண்டாம் என்பது புரிகிறது. ஒரு கடையில் கெட்ட பொருள் இருக்கிறதென்று கடைத்தெருவையே மூடுவதுதான் புரியவில்லை.

2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் படுகொலை நடந்தது. உடனே நெகிரி செம்பிலான் முஃப்தி பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைத் தடை செய்ய வேண்டும் என்றார். அப்போதைய இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சர் அதை ஏற்கவில்லை. கொன்றவனை இயக்கியது இனவெறி. பப்ஜியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இனவெறியைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. எங்கள் கவலை அதுதான்.

இந்தியாவில் அதே பப்ஜியின் கைத்தொலைபேசி வடிவம் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. காரணம் முற்றிலும் வேறு: கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு மோதல். சீனத் தொடர்புள்ள 118 செயலிகள் ஒரே நாளில் போயின. அடுத்த ஆண்டே வேறு பெயரில், கொரிய நிறுவனத்தின் நேரடி வெளியீடாக அந்த விளையாட்டு இந்தியாவுக்குத் திரும்பி வந்தது.

2019 அக்டோபரில் 'ஹார்த்ஸ்டோன்' என்ற இணையச் சீட்டு விளையாட்டுப் போட்டியில் வென்ற ஹாங்காங் இளைஞர் ஒருவர், நேர்காணலில் முகமூடி அணிந்து ஹாங்காங் விடுதலை முழக்கத்தைச் சொன்னார். அந்த விளையாட்டை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்துப் பரிசுப் பணத்தையும் பறித்தது. உலகம் முழுவதும் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். பணம் திருப்பித் தரப்பட்டது, தடை ஆறு மாதமாகக் குறைந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நாங்கள் முழுமையாகச் சொல்கிறோம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனவெறியை எதிர்த்துக் கறுப்புக் கையுறையோடு கைமுட்டியை உயர்த்தியதற்கும், இந்த இளைஞர் கேமராவின் முன் பேசியதற்கும் நடுவில் 51 ஆண்டு இருக்கிறது. தண்டனை இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வந்தது.

நம் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. 2023 அக்டோபரில் ரோப்லாக்ஸ் விளையாட்டுக்குள்ளேயே மலேசியப் பிள்ளைகள் பாலஸ்தீனத்துக்காகப் பேரணி நடத்தினார்கள். திரையில் குட்டிக் குட்டிப் பொம்மை உருவங்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் வரிசையாக நடந்தன. தெருவில் இறங்கிப் போராட அனுமதி கிடைக்காத வயதில், கிடைத்த தெருவில் இறங்கினார்கள்.

விளையாடும்போது என் மகனை இனப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். என்ன செய்வது?

முதலில் அவன் சொல்வதை நம்புங்கள். "அணைத்து வைத்துவிடு" என்பது பதிலாகாது. எங்கள் பயிற்சிக்கு வரும் பையன்களில் சிலர் விளையாட்டுக்குள் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். குழுவில் சேர்ந்ததும் தமிழ்ப் பெயரைப் பார்த்து முதல் வசை வருகிறது. தோற்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பையன் கைத்தொலைபேசியை எங்களிடம் காட்டினான். மற்ற கெட்ட வார்த்தைகளை எல்லாம் விளையாட்டே நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருந்தது. நம்மைத் திட்டும் அந்த ஒரு சொல், எழுத்தை ஒன்றிரண்டு மாற்றி, பட்டவர்த்தனமாகத் திரையில் நின்றது. ஒலிவாங்கியை அவன் எப்போதும் அணைத்தே வைத்திருக்கிறானாம். குரல் கேட்டால் தெரிந்துவிடும் என்பதற்காக.

இது சிறுபிள்ளைகளின் வாய்த்துடுக்கு என்று யாராவது சொன்னால், 2021ஐ நினைவுபடுத்துங்கள். சுடிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் எஸ். கிசோனா ஜப்பானின் யமாகுச்சியிடம் தோற்றார். உலகின் முன்னணி ஆட்டக்காரரிடம் தோற்பது யாருக்கும் நடக்கக்கூடியது. வளர்ந்த மனிதர், ஓர் அரசியல் கட்சியைச் சேர்ந்தவர், முகநூலில் அவரை அதே இனச் சொல்லால் திட்டி, எந்த எஸ்டேட்டிலிருந்து பிடித்து வந்தார்கள் என்று கேட்டார். நாடே கண்டித்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்று வந்த பெண்ணுக்கு இது நடந்தது. எஸ்டேட் என்பது வசைச்சொல்லாகும் என்று அந்த மனிதருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நம் பிள்ளைகள் கூனிக்குறுகாமல் இருக்க வேண்டுமானால் தாப்பாவின் எம். ராஜாமணி 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வென்றதையும், அதே விளையாட்டில் டாக்டர் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றதையும் வீட்டில் பேசுங்கள். ஜெகதீசன் 1968இல் ஓடிய 200 மீட்டர் தேசியச் சாதனை 2017 வரை நின்றது.

செய்ய வேண்டியவை: திரையைப் படம்பிடித்து வையுங்கள், விளையாட்டுக்குள் இருக்கும் புகார் பொத்தானை அழுத்துங்கள், திட்டியவன் பள்ளித் தோழன் என்றால் ஆசிரியரிடம் போங்கள். மிரட்டலாக மாறினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

ஒய்.பி. (தொகுதியின் மக்கள் பிரதிநிதி) ஜெர்சி தருகிறார், இ-ஸ்போர்ட்ஸ் எனும் மின்னியல் விளையாட்டுப் போட்டியும் நடத்தித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்கலாம். கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்.

18 வயதுக்கு வாக்குரிமை தரும் திருத்தம் 2019இல் நிறைவேறி, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு இளையோர் இருக்கும் இடத்தை எல்லாக் கட்சிகளும் தேடி வருகின்றன. மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கைத்தொலைபேசி விளையாட்டின் போட்டிக்குப் பின்னால் பதாகை கட்டாத கட்சி அரிது. வரவேற்கிறோம். ஆனால் ஜெர்சியின் நெஞ்சில் யார் முகம் அச்சாகிறது என்று பாருங்கள். பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சில் ஓர் அரசியல்வாதியின் படமும் கட்சிச் சின்னமும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. குழுவின் பெயர் முன்னால், கொடுத்தவர் பெயர் கையில் சின்னதாக: இதுதான் எங்கள் வழக்கம். கட்சி எதுவானாலும் இதுவே.

தேர்தல் அறிவித்த பிறகு வரும் ஜெர்சியையும் விருந்தையும் தொடாதீர்கள். வாக்குக்காக விருந்தோ பரிசோ கொடுப்பது 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம். வாங்குபவரும் அதில் சிக்கிக்கொள்ளலாம். ஜெர்சி ஒரு பருவத்தில் கிழிந்துவிடும். அதனால் அடுத்த முறை வரும் ஒய்.பி.யிடம் திடலுக்கு விளக்கும் வடிகாலும் கேளுங்கள்; எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் தோட்டத்துத் திடலை விற்கப் போகிறார்களாம். தடுக்க முடியுமா?

சில வேளைகளில் முடியும், சீக்கிரம் அசைந்தால். வதந்தியை நம்பி உட்கார வேண்டாம். நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' எனப்படும் அதிகாரபூர்வ நிலத் தேடலுக்கு விண்ணப்பியுங்கள். நிலம் யார் பெயரில், என்ன பயன்பாட்டுக்கு என்று தெரிந்துவிடும். அது அரசாங்க நிலமாக இருந்தால், தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி பொதுப் பயனுக்கான ஒதுக்கு நிலமாக அரசிதழில் அறிவிக்கக் கோரலாம். பல திடல்கள் பல்லாண்டுகளாகப் புழங்கியும் அரசிதழில் ஏறாமலே கிடக்கின்றன. ஏறாத திடலைத்தான் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தோட்ட நிறுவனத்தின் நிலமென்றால் கஷ்டம்தான். ஆனால் விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், உங்கள் ஒய்.பி.க்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. புதிய வீடமைப்பில் பொதுவாக 10 விழுக்காடு நிலம் திறந்தவெளியாக விடப்பட வேண்டும் என்பது திட்டமிடல் வழிகாட்டி. அந்தத் திறந்தவெளி எங்கே விழுகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். மின்கம்பிக்குக் கீழேயும் குளக்கரைச் சரிவிலும் துண்டு துண்டாகக் காட்டிக் கணக்கு முடிப்பதுண்டு. அதில் பந்தாட முடியாது. நகராண்மைக் கழகத்தின் உள்ளூர்த் திட்ட வரைவைப் பார்வைக்கு வைக்கும்போது எவரும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். இருபது குடும்பம் தனித்தனியாக எழுதிய கடிதத்துக்கு, ஒரே கடிதத்தில் இருபது கையெழுத்து இருப்பதைவிடக் கனம் கூடுதல்.

கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் காக்க நாம் திரண்டு நிற்கிறோம். திடலுக்கும் அப்படி நிற்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை.

இ-ஸ்போர்ட்ஸுக்கு அரசாங்கம் கோடிக்கணக்கில் தருகிறதாமே, அது நம் பிள்ளைகளுக்கு வருமா?

2019 வரவுசெலவுத் திட்டத்தில் 1 கோடி வெள்ளி, 2020இல் 2 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். 2019 மணிலா சீ விளையாட்டில் அது பதக்கப் போட்டியானது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டிலும் அப்படியே. முதல் மொபைல் லெஜண்ட்ஸ் உலகக் கிண்ணம் 2019இல் புக்கிட் ஜாலில் ஆக்சியாத்தா அரங்கத்தில்தான் நடந்தது. ஆமாம், அதே தோட்டத்து மண். சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் குழு 2024இல் ரியாத்தில் மொபைல் லெஜண்ட்ஸின் எம்எஸ்சி கிண்ணத்தையே வென்று வந்தது. ஆகவே இது வீண் விளையாட்டு என்று ஒதுக்க முடியாது.

ஆனால் பணம் போகும் வழியைப் பாருங்கள். அரங்கம், போட்டி, பயிற்சி எல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கில். தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் தடை இணையம்: செம்பனைக்கு நடுவே இருக்கும் வரிசை வீட்டில், ஆட்டத்தின் முக்கியமான நொடியில் கோடு போய்விடுகிறது. இரண்டாவது தடை கருவி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. நன்றாக ஓடும் கைத்தொலைபேசிக்கு அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். ஒய்.பி. போட்டி நடத்துவதற்குப் பதிலாகத் தோட்டத்துக்கு ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் கேட்டு வாங்கித் தந்தால், விளையாட்டுக்கும் ஆகும், பள்ளிப் பாடத்துக்கும் ஆகும்.

ரியாத் என்று சொன்னதால் ஒன்று. உலக இ-ஸ்போர்ட்ஸ் கிண்ணத்தை சவூதி அரசு முதலீட்டு நிதியத்தின் பணம் நடத்துகிறது. அதே நிதியம் நியூகாசல் காற்பந்துக் குழுவை 2021இல் வாங்கியது. இஏ நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கும் கூட்டணியில் இருப்பதாக 2025இல் அறிவிக்கப்பட்டது. 2034 உலகக் கிண்ணமும் அங்கேதான். தன் நாட்டில் வாய் திறப்பவரைச் சிறையில் வைத்துவிட்டு வெளியே விளையாட்டைக் காட்டி நற்பெயர் வாங்குகிறது என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டுகின்றன. எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது. அங்கே போய் வென்ற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டோம்.

விளையாட்டுப் பாத்திரத்துக்கு ஸ்கின் (புது உடை, தோற்றம்) வாங்கக் காசு கேட்கிறான். கொடுக்கலாமா?

விலை தெரிந்து ஒரு பொருளை வாங்குவது வேறு. குலுக்கலில் என்ன விழும் என்று தெரியாமல் காசு போடுவது வேறு. அது சூதாட்டம் என்று 2018இலேயே பெல்ஜியம் முடிவு செய்துவிட்டது. குலுக்கலுக்குக் கொடுக்காதீர்கள்.

தேசியக் காற்பந்துக் குழுவில் நம்மவர்கள் ஏன் இவ்வளவு குறைந்துவிட்டார்கள்?

கே. ராஜகோபால் பயிற்சியில்தான் 2010இல் மலேசியா தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றது. அந்தக் குழுவில் எஸ். குணாலன் ஆடினார். ஆக நெடுங்காலத்துக் கதையல்ல. எங்கள் பார்வையில் பெரிய காரணம் தோட்டங்கள் சிதறியதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பாயின, குடும்பங்கள் மலிவு விலை அடுக்ககங்களுக்குப் போயின. தோட்டத்தோடு குழுவும் போனது, திடலும் போனது. திறமையைத் தேடி வருபவர் அடுக்ககத்து வாகன நிறுத்துமிடத்துக்கு வருவதில்லை. தேர்வில் பாரபட்சம் உண்டு என்று பெற்றோர் சொல்வதையும் தள்ளிவிட மாட்டோம். ஒவ்வொரு தேர்வுக்கும் யார் வந்தார்கள், யார் எடுக்கப்பட்டார்கள் என்ற பட்டியலைச் சங்கங்கள் வெளியிட்டால் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

நாமே குழு கட்டியும் பார்த்தோம். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஸ்க்-மிஃபா குழு 2017இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. பிறகு பிஜே சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்குக்குப் போனது. 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், முழுக்க உள்நாட்டுக்காரர்களோடு ஆடிவிட்டு விலகிக்கொண்டது. பணக்காரக் குழுக்களோடு போட்டியிட்டு இளையோரையும் வளர்ப்பது அந்த லீக்கில் எவ்வளவு கடினம் என்பதை அது காட்டியது. அந்தக் குழு போனதில் எங்களுக்கு இன்னும் வருத்தம்.

சிலம்பம் ஏன் சுக்மாவில் (மாநிலங்களுக்கிடையிலான மலேசிய விளையாட்டுப் போட்டி) ஒரு முறை இருக்கிறது, ஒரு முறை இல்லை?

எந்தெந்த விளையாட்டு என்பதில் போட்டியை நடத்தும் மாநிலத்தின் சொல் எடுபடும். எத்தனை மாநிலங்கள் குழு அனுப்பும் என்பதும் பார்க்கப்படும். 2024 சரவாக் சுக்மாவில் சிலம்பம் இல்லை என்றதும் 2023இலேயே எதிர்ப்பு கிளம்பியது. பேராக்கில் சிலம்பம் படிக்கும் பிள்ளைகள் பெயரைச் சங்கத்தில் முறையாகப் பதியுங்கள். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி சங்கமும் விளையாட்டு ஆணையரிடம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத ஆயிரம் பேரை எந்தக் குழுவும் எண்ணாது.

வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு உடனே குடியுரிமை கிடைக்கிறது. இங்கேயே பிறந்த எங்கள் பையனுக்கு அடையாள அட்டை இல்லாமல் பதிவு செய்ய முடியவில்லை. இது என்ன நியாயம்?

நியாயமில்லை. 2025 ஜூனில் புக்கிட் ஜாலிலில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. செப்டம்பரில் ஃபிஃபா, அந்தக் குழுவில் குடியுரிமை பெற்று ஆடிய ஏழு ஆட்டக்காரர்களை 12 மாதம் தடை செய்து, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம் விதித்தது. அவர்களுடைய தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்பதும், மூல ஆவணங்களில் அர்ஜெண்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் என்று இருந்தது என்பதும் ஃபிஃபாவின் முடிவு. சங்கம் அதைத் தொழில்நுட்பத் தவறு என்றது. மேல்முறையீடு நவம்பரில் தள்ளுபடியானது. அவர்களுக்குக் குடியுரிமை தர உள்துறை அமைச்சர் தமக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தியது நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்டது.

அதிகாரத்தைப் பயன்படுத்தினால் கதவு திறக்கும் என்று இதிலிருந்து தெரிகிறது. தோட்டத்தில் பிறந்து, பெற்றோரின் திருமணம் பதிவாகாததாலோ தாயிடம் பத்திரம் இல்லாததாலோ நாடற்றவராக நிற்கும் பிள்ளைகளுக்கும் அதே கதவு திறக்க வேண்டும் என்று கேட்கிறோம். எங்கள் பயிற்சியில் அடையாள அட்டை கேட்பதில்லை, எல்லாரும் ஆடலாம். மாவட்டப் போட்டி வரும்போதுதான் சிக்கல். நன்றாக ஆடும் பையன் தண்ணீர்ப் புட்டி தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்கிறான்.

அரசியலமைப்பின் 15ஏ பிரிவு, தனிப்பட்ட சூழ்நிலையைக் கருதி ஒரு பிள்ளையைக் குடிமகனாகப் பதிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. வயது வரம்பு 21 என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அதை 18ஆகக் குறைக்கிறது. அதனால் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பிறப்புப் பத்திரம், மருத்துவமனைக் குறிப்பு, தடுப்பூசிப் புத்தகம், பள்ளிச் சேர்க்கைக் கடிதம், இருந்தால் தாய் தந்தையின் பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டு, எது கையில் இருந்தாலும் எடுத்துக்கொண்டு தேசியப் பதிவுத் துறைக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சனிக்கிழமை பயிற்சியில் எங்களிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம்.